ஆயிரத்து அறுநூற்று இருபது

எண் கணித ஜோசியர் என் நூலகத்துக்குள் வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் கல்லூரியில் வேறு யாரும் புத்தகங்களுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை. பேராசிரியர்கள்கூட செல்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டேதான் நுழைவார்கள்.

வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தவர் சட்டென்று நின்று அண்ணாந்து பார்த்தார். நடு வரிசை அலமாரியின் தலையில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தது. வெள்ளைப் பூச்சின் மேல் நீல எழுத்தில் ‘620 பொறியியல்’ என்று எழுதியிருக்கும்.

கையிலிருந்த மடக்குக் குடையை நீட்டி, ஆறைத் தொட்டார், இரண்டைத் தொட்டார், சைபரைத் தொட்டார். உதடு அசைந்தது. பிறகு பின்னால் நின்ற தாளாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“முதலாளி, கோளாறு வாசக் கேட்டுலயும் இல்ல, கெணத்துலயும் இல்ல. சனி இந்தா இங்கன உக்காந்திருக்கு.”

தாளாளரை நாங்கள் எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வோம். அருப்புக்கோட்டையில் அவருடைய பருத்தி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அப்படிச் சொன்னார்கள். கல்லூரி கட்டியபோது அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது. பிரின்சிபால் உட்பட அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த வருஷம் சேர்க்கை படுத்துவிட்டது. திருச்சுழி சாலையில் கருவேலங்காட்டைத் திருத்திக் கட்டிய கல்லூரி அது. பஸ்ஸை விட்டு இறங்கினால் கட்டிடம் வரை ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் ஓடாது. ஆசிரியர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை. சேர்க்கை ஏன் குறைந்தது என்று சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. வாசலில் டீ விற்கிறவரே சொல்வார்.

“யாரு தாயி இந்தப் போர்டு வச்சது?” என்று ஜோசியர் கேட்டார்.

“நான்தான் சார்” என்றேன்.

பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம்போல இருக்கிறது.

அம்புட்டுப் படிப்பா?

விடுதி நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, நூலகர் வேலை எவ்வளவு அமைதியானது’ என்று எழுதியிருக்கிறார். அம்மா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வாய்விட்டுக் கத்த முடியாத இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெளியே அப்படி ஒரு பெயர் வந்துவிடுகிறது.

எங்களுக்குப் பரளச்சி. அய்யாவும் அம்மாவும் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மிளகாய்ப் பழம் பறிப்பு முடிந்து வந்தால் அம்மா கையைக் கழுவிய பிறகும் என் கண்ணைத் துடைத்துவிட மாட்டாள். பிறகு அய்யாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் காவல் வேலை கிடைத்து, பாளையம்பட்டியில் வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் வரலாறு படித்தேன். அதன் பிறகு நூலக அறிவியலில் இளநிலை, முதுநிலை என்று இரண்டு பட்டம். அதற்கும் மேல் ஒரு தகுதித் தேர்வு.

ஒவ்வொரு பொங்கலுக்கும் சித்தப்பா இதைக் கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

“ஏன் மதினி, புத்தகம் அடுக்குறதுக்கா அம்புட்டுப் படிப்பு? நம்ம பலசரக்குக் கடையில பள்ளிக்கூடமே போகாத பய அழகா அடுக்குறானே.”

“அவ என்னமோ நம்பர் போடுவாளாம்ல” என்பாள் அம்மா. அவளுக்கும் அதற்கு மேல் தெரியாது.

நம்பர் போடுவதுதான். ஆனால் அது எப்படி என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் செய்முறை வகுப்பில் மேசை மேல் ஒரு குவியலைக் கொட்டுவார்கள். ஒவ்வொரு புத்தகமும் எதைப் பற்றியது என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். பருத்தியைப் பற்றி ஒரு புத்தகம் என்று வையுங்கள். அது பருத்தி விவசாயமா, பருத்தி வியாபாரமா, துணி நெசவா, பருத்தியால் ஒரு ஊர் வாழ்ந்து கெட்ட வரலாறா? தலைப்பை நம்பினால் மோசம் போவோம். முன்னுரையைப் படிக்க வேண்டும், உள்ளடக்கத்தைப் புரட்ட வேண்டும், ஆசிரியர் எங்கே வளைகிறார் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் எண்.

தசமப் பகுப்பு முறை என்று பெயர். மனிதன் இதுவரை எழுதியது எல்லாவற்றையும் பத்து வகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக உடைத்துக்கொண்டே போவார்கள். 000-இல் தொடங்கி 999-இல் முடியும். அதற்குள் அடங்காத சங்கதி எதுவும் உலகத்தில் இல்லை. 620 என்றால் மதுரையிலும் பொறியியல், மணிப்பூரிலும் பொறியியல். இடம் தவறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

பரளச்சியில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எனக்கு, உலகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைக் காட்டுகிற ஆள் நான் என்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரியில் நான் சேர்ந்தபோது புத்தகங்கள் உயரப்படி நின்றன. குட்டை முன்னால், நெட்டை பின்னால், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசை மாதிரி. சிலவற்றில் கடைக்காரர் கட்டிய சணல்கூட அவிழ்க்கவில்லை. இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்து, எண் போட்டு, கணினியில் ஏற்றி, அலமாரி மாற்றினேன். உதவிக்குப் பாண்டியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். கடைசியில் அய்யா தன் மில்லில் பெயர் எழுதுகிற பெயிண்டரைப் பிடித்துத் தகரத்தில் பலகைகள் எழுதி வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பலகையைத்தான் ஜோசியர் குடையால் தொட்டார்.

சூரியனை முன்னால் நிறுத்து

மறுநாள் முதலாளி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஜோசியரும் இருந்தார். ஒரு வெள்ளைத் தாளில் என் எண்களை வரிசையாகக் கூட்டி வைத்திருந்தார். மனிதர் உழைப்பாளி, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பொறியியல் 620, கூட்டினால் எட்டு, சனியின் எண். இயற்பியல் 530, எட்டு. அல்ஜீப்ரா 512, எட்டு. இலக்கியம் 800, அது பிறவியிலேயே எட்டு. இயந்திர வடிவமைப்பு 621.8, கூட்டினால் பதினேழு, பதினேழைக் கூட்டினால் மறுபடியும் எட்டு.

“ஒரு பொறியியல் காலேஜுக்குப் பொறியியலே எட்டுல நின்னா பிள்ளைக எப்படி வந்து சேரும் தாயி?” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“சார், இந்த எண் நான் போட்டதில்ல. உலகம் பூரா இதுதான்” என்று முதலாளியிடம் சொன்னேன்.

“உலகத்துல அவனவன் ஜாதகம் வேற தாயி. எங்க லாரி ஒண்ணு நம்பர் எட்டுல கெடந்துச்சு. போன வருசம் பந்தல்குடி தாண்டிக் கவுந்து போச்சு. ஏன் கவுந்துச்சு?” என்றார் முதலாளி.

டிரைவர் குடித்திருந்தார் என்று ஊருக்கே தெரியும்.

வேறு வழியில் போய்ப் பார்த்தேன். “சார், உங்க மண்டில ஒவ்வொரு மூடைலயும் குறி போட்டு வப்பீகள்ல? திடீர்னு அந்தக் குறியை மாத்தினா எந்த மூடை யாரோடதுன்னு எப்படித் தெரியும்?”

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாளும் என்னை ஒருமையில் பேசியதில்லை.

“குறியை மாத்தினா உள்ள இருக்குற பஞ்சு என்ன வைக்கோலாவா ஆயிரும்? உங்க படிப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. நான் புத்தகத்தைத் தொடச் சொல்லல. நம்பரைத்தான் மாத்தச் சொல்றேன்.”

புத்தகம் வேறு, அதன் எண் வேறு என்று ஒருவர் நினைத்துவிட்டால் அதற்கு மேல் என் இரண்டு பட்டத்துக்கும் பேச ஒன்றுமில்லை.

ஜோசியரே பரிகாரமும் சொன்னார். “ரொம்பக் கஷ்டம் வேணாம். எட்டு வாரதுக்கு மட்டும் முன்னால ஒரு ஒண்ணு போட்டுக்கோங்க. ஒண்ணு சூரியன். எட்டோட சேர்ந்தா ஒம்போது. ஒம்போது செவ்வா, இயந்திரத்துக்கு நல்லது.”

620 இனி 1620. இயற்பியல் 1530. நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க மூன்று இலக்கத்தில் நின்ற வகுப்புகள், திருச்சுழி சாலையில் மட்டும் நாலு இலக்கம் ஆக வேண்டும்.

“அடுக்கும்போது ஆயிரத்துக்கு மேல போயிரும் சார். எல்லாம் கடைசிக்குப் போயிரும்.”

“போகட்டுமே. கடைசி அலமாரி எந்தத் திசை?” என்றார் ஜோசியர்.

“வடகிழக்கு.”

“பெறகென்ன? ஈசான்யம்.”

பீரோவுக்குள் போன படிப்பு

நான் செய்யவில்லை. ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஏழைபாழைகள் வழிவழியாகக் கைவசம் வைத்திருக்கும் ஆயுதம் அது. முதலாளி கேட்டால் லேபிள் தாள் வரவில்லை என்பேன். தாள் வந்தால் பிரிண்டர் மை காய்ந்துவிட்டது என்பேன். பங்குனி வெயிலில் எது சொன்னாலும் நம்புவார்கள். இப்படியே அவரே மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறந்தும் போயிருப்பார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. மதுரைப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் நூலகர் பதவி. நிரந்தர வேலை. அந்த மாதிரி இடம் காலியாவது ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை. தகுதித் தேர்வு முடித்ததிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: அசல் சான்றிதழ்கள் இல்லாதவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.

என் அசல் என்னிடம் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்களைப்போன்ற தனியார் கல்லூரிகளில் வேலைக்குச் சேருகிற அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து அத்தனை அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ‘பத்திரமாக இருக்கும்’ என்பார்கள். பத்திரமாகத்தான் இருந்தது. பச்சை நிற இரும்பு பீரோவில், நாப்தலின் உருண்டை வாசனையோடு. ஆடு மேய்ப்பவன் சாயங்காலம் பட்டியை அடைப்பதுபோல எங்கள் அத்தனை பேரின் படிப்பையும் அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள்.

பீரோச் சாவி மேலாளரிடம். அவர் முதலாளிக்கு மைத்துனர்.

“ஒரிஜினல்தானே? தாராளமா வாங்கிக்கோங்க மேடம்” என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “அந்த எட்டு மாத்துற வேலை என்னாச்சு? முதலாளி நேத்துக்கூடக் கேட்டாக.”

“அது வேற, இது வேற சார்.”

“ரெண்டுக்கும் ஒரே சாவிதான் மேடம்” என்றார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. பல் குத்திக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன். ஜோசியர் கதையைச் சொல்லவில்லை. கொஞ்சம் வேலையை முடித்தால்தான் அசல் தருவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

“முடிச்சுக் குடுத்துட்டு வாங்கிரு ஆத்தா. நம்ம என்னைக்கு வேலைக்கு அஞ்சுனோம்?” என்றார். அவருக்குத் தெரிந்த நியாயம் அது. வேலையைச் செய்தால் கூலி வரும்.

மைதாப் பசை

முதலில் எட்டு வருகிற புத்தகங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தால் நேர்முகத் தேதி தாண்டிவிடும். எனவே நூலக மென்பொருளுக்குள் போய், எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஓர் இலக்கம் வரும்வரை மறுபடி கூட்டி, எட்டாக இருப்பதை மட்டும் பிரித்துத் தரும்படி சில வரிகள் எழுதினேன். தரவுத் தளம் என்று முதுநிலையில் ஒரு பாடம். அதில் நான்தான் வகுப்பில் முதல். படித்து முடித்து வந்த நாளிலிருந்து அந்தப் பாடத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இந்த ஊரில் என் படிப்பு முழுசாகப் பயன்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். வெட்கக்கேடு.

பிறகு லேபிள். பாண்டியம்மாள் வீட்டிலிருந்து மைதாவைக் காய்ச்சி எவர்சில்வர் தூக்கில் கொண்டுவருவாள். கடைப் பசை எங்கள் வெயிலுக்கு உரிந்துவிடும். வெதுவெதுப்பான பசையும் பழைய காகிதமும் சேர்ந்து ஒரு புளித்த வாசனை வரும். நகக்கண்ணில் பசை காய்ந்து, சோறு பிசையும்போது உரியும். பழைய லேபிளை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுப்போம். என் கையெழுத்து ஒவ்வொன்றாகச் சுருண்டு வந்தது.

“ஏன் மேடம், இந்த ஒண்ணை ஒட்டிட்டா பிள்ளைகள்லாம் அரியர் இல்லாமப் பாஸாயிருமாக்கும்?” என்றாள் பாண்டியம்மாள்.

“ஒட்டு பாண்டியம்மா.”

“இல்ல, எங்க வீட்டுக்காரு நெத்தியிலயும் ஒண்ணை ஒட்டலாமான்னு பாக்கேன்.”

சிரித்தோம். அந்த நாட்களில் சிரித்தது அது ஒன்றுதான்.

வேலை முடிந்தபோது வடகிழக்கு மூலையில் புதிதாக ஒரு உலகம் நின்றது. பொறியியல், இயற்பியல், அல்ஜீப்ரா, இலக்கியம் எல்லாம் ஒரே அலமாரியில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி. இயந்திரப் பொறியியல் வரிசையில் நடுவில் ஒரு கூட்டத்தை மட்டும் உருவி எடுத்துக் கடைசியில் கொண்டு வைத்தேன். அதன் அண்ணன் தம்பி எல்லாம் பழைய இடத்திலேயே நின்றன.

ஒழுக்கவியலுக்கு எண் 170. அதற்கும் எட்டுதான். அதையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம், கழிப்பறைக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாணவர்கள் திண்டாடினார்கள். அவர்கள் பழைய இடத்துக்குப் போய் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்கள். ‘மேடம், பிசிக்ஸ் எங்க?’ ஆயிரத்து ஐநூற்று முப்பது, கடைசி அலமாரி. ‘மேடம், மெஷின் டிசைன்?’ ஆயிரத்து அறுநூற்று இருபத்தொன்று புள்ளி எட்டு, கடைசி அலமாரி. ‘மேடம், இன்ஜினியரிங்?’ ஆயிரத்து அறுநூற்று இருபது. காலையில் தொடங்கினால் மாலை பஸ் வரை இதே பாட்டுதான். கையில் எழுதினேன், கணினியில் தட்டினேன், வாயால் சொன்னேன். வீட்டில் அம்மா குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்கூட அந்த எண்தான் முன்னால் வந்து நின்றது.

முதலாளி வந்து பார்த்தார். பலகையில் 620-க்கு முன்னால் சிவப்புப் பெயிண்டில் ஒரு ஒன்று போட்டிருந்தது. நீலப் பெயிண்ட் கிடைக்கவில்லை. “இப்பப் பாக்கவே ஒரு களை வந்துருச்சு தாயி” என்று மனம் நிறைந்து சொன்னார்.

மேலாளர் பீரோவைத் திறந்தார். “நேர்முகம் முடிஞ்சு வேலை கெடைச்சா சந்தோசம். இல்லேன்னா திங்கக்கெழமை கொண்டாந்து குடுத்துருங்க” என்றார்.

சுலபமான கேள்வி

அய்யா இரவுக் காவல் முடிந்து தூங்காமல் கூடவே வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, சான்றிதழ் பையை முதல் பஸ்ஸிலிருந்து கடைசி வரை மடியில் வைத்திருந்தார். அந்தத் தகரப் பலகைகளை வைத்திருந்த அதே மாதிரி. கல்லூரி வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, “தைரியமாப் போ ஆத்தா. உனக்குத் தெரியாததையா கேட்டுறப் போறாக?” என்றார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கல்லூரிச் செயலர், ஒரு பக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர், இன்னொரு பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா, வேறொரு கல்லூரியின் மூத்த நூலகர். அசல்களை வாங்கி மேசை மேல் விரித்து வைத்தார்கள். என் பட்டங்களை அவ்வளவு நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாப்தலின் வாசனை அறை முழுக்க வந்தது.

மென்பொருள் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். மின்னிதழ்கள், காப்புரிமை, பயனர் பயிற்சி என்று கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் சொன்னேன். பேராசிரியருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. என் பயத்தைப் போக்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“கடைசியா ஒரு சுலபமான கேள்விம்மா. பொறியியல் கல்லூரியிலதானே இத்தனை வருஷம் இருந்தீங்க? பொறியியலுக்கு என்ன எண்?”

“ஆயிரத்து அறுநூற்று இருபது” என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

“ஆயிரமா?” என்றார் பேராசிரியர். “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல எங்கம்மா போனீங்க?”

“இல்ல சார், 620. அறுநூற்று இருபது. எங்க காலேஜ்ல ஒரு ஜோசியர் வந்து…”

அந்த வாக்கியத்தை நான் தொடங்கியிருக்கக் கூடாது. தொடங்கிய பிறகு நிறுத்தவும் முடியவில்லை. எட்டு, சனி, சூரியன், ஈசானிய மூலை எல்லாவற்றையும் சொன்னேன். செயலர் வாய்விட்டுச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது என்று நினைக்கிறேன், என்னைப் பார்த்து.

மூத்த நூலகர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நீங்க முறையாப் படிச்சவங்க. மாத்த முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் செஞ்சீங்க?” என்று கேட்டார்.

“இதை வாங்குறதுக்குத்தான் மேடம்” என்று மேசை மேலிருந்த சான்றிதழ்களைக் காட்டினேன்.

அவர் அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஓரங்களைத் தட்டிச் சீராக அடுக்கி என் பக்கம் தள்ளிவைத்தார். “சரிம்மா. தகவல் சொல்றோம்” என்றார்.

நானும் அந்த மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் என்னைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். மண்டிக்காரர் சொன்னார் என்று உலகப் பொது எண்ணை மாற்றி ஒட்டியவளிடம் யார் ஒரு நூலகத்தைக் கொடுப்பார்கள்? இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு இடமில்லாமல் எங்கள் கல்லூரிக்காரர்கள் பண்ணிவிட்டார்கள்.

அய்யா மரத்தடியிலேயே நின்றார். “என்ன ஆத்தா கேட்டாக?”

“கடைசியா, பொறியியலுக்கு என்ன நம்பர்னு கேட்டாக.”

“அதான் உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே” என்று சிரித்தார். பஸ் நிலையத்தில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் வெல்லமும் மணக்க என் குவளை கையிலேயே ஆறியது. அவர் தன் குவளையை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, வேலை கிடைத்தால் மதுரையில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். திருமங்கலம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பையை மட்டும் விடவில்லை.

திங்கட்கிழமை

வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று வார இறுதியிலேயே தெரிந்துவிட்டது.

அசலைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அய்யா இரவுக் காவலோடு பகல் காவலும் பார்க்க வேண்டும். மேலாளர் உறையைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்தார். பீரோவைத் திறந்து வைத்தார். பூட்டிவிட்டு, “கெடைக்கலையா மேடம்? எல்லாம் நேரம் வரணும்” என்றார்.

மாடியேறி நூலகத்துக்குப் போனேன். அடுத்த வருஷமும் சேர்க்கை படுத்துத்தான் கிடந்தது. ஜோசியர் பிறகு வேறு எதிலோ குறை கண்டுபிடித்தார் என்று கேள்விப்பட்டேன். எண்களைத் திரும்ப மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்துகூட இருக்க மாட்டேன். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கூட ஒரு தோழியோடு வந்து நின்றாள்.

“மேடம், இன்ஜினியரிங் புக்கு எங்க இருக்கு?”

“ஆயிரத்து அறுநூற்று இருபது. கடைசி அலமாரி.”

அவள் நேரே போனாள். புத்தகம் அந்த இடத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது தோழியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஏடி, இந்த மேடத்துக்கு எல்லா நம்பரும் மனப்பாடம்ல.”